பலாப்பால் பட்ட சடை

குஞ்சலத்தின் முடிச்சை அவிழ்த்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

நான் மணைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் சிதம்பரத்து அம்மாள். மாப்பிள்ளையின் தாயார். எனக்குப் பூ வைக்க வந்திருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. வெற்றிலை மெல்லும் சத்தம் மட்டும் என் பிடரிக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் நின்றது.

அறை கொள்ளாமல் பெண்கள். தாம்பாளம் நிறையக் குண்டுமல்லி, மேலே ஈரத்துணி. பக்கத்தில் மரிக்கொழுந்து. அத்தனை வாசனையையும் மீறி என் சடை நுனியிலிருந்து பலாப்பழ வாசனை வருவது எனக்கே தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் அவருக்குத் தெரியாதா?

இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

'இதுவும்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஏற்கெனவே ஒரு சம்பந்தம் போயிருந்தது. அதுவும் இந்த முடியால்தான்.

உப்புத் தண்ணீர்

நாங்கள் இருந்தது கடலூர் முதுநகரில். அப்போதெல்லாம் ஓல்டு டவுன், சுருக்கமாக ஓ.டி. என்றால்தான் வண்டிக்காரருக்கே புரியும். அப்பா கயிற்றுக் கடை வைத்திருந்தார். படகுக்காரர்கள்தான் வாடிக்கை. கடையில் வடக்கயிறும் தேங்காய் நாரும் மலைபோலக் குவிந்திருக்கும்.

வீட்டுக் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் உப்பு. பருப்பு வேகாது. சீயக்காய் நுரைக்காது. தலைக்குத் தேய்த்தால் அலச அலசப் பிசுபிசுப்பு போகாமல், காய்ந்ததும் முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு முடி அடர்த்தி. அதில் குறை சொல்ல முடியாது. படியத்தான் படியாது. காலையில் எண்ணெய் வைத்து அழுத்தி வாரிப் பின்னினாலும், கடல் காற்று கொஞ்சம் வீசினால் போதும், விளக்கு வைப்பதற்குள் தலையைச் சுற்றிப் புகை மாதிரி எழும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் எனக்குத் 'தேங்கா நாரு' என்று பெயர். அப்பாவுடையது கயிற்றுக் கடை ஆனதால் அந்தப் பெயர் நன்றாக நிலைத்துவிட்டது. ஐந்தாவதோடு நான் படிப்பை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். நிறுத்தச் சொன்னது வீட்டில்தான். நான் அழவில்லை, அவ்வளவுதான்.

குடிக்கிற நல்ல தண்ணீர் மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும். அதில் ஒரு நாள் தலை குளிக்கட்டுமா என்று கேட்டுவிட்டேன்.

"குடிக்கிற தண்ணியில தல முழுவுவாளாம்! ஜமீன் வீட்டுப் பொண்ணு பாரு!" என்று அம்மா ஒரு பிடி பிடித்தாள்.

ஆகவே மழைதான் எனக்குக் கதி. ஐப்பசி பிறந்ததும் தாழ்வாரத்து ஓட்டு விளிம்புக்குக் கீழே அண்டாவை வைத்துவிடுவேன். மழைத் தண்ணீரில் குளித்தால் என் முடியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். வழுவழுவென்று விரலுக்குள் நழுவும். வருஷத்தில் ஐப்பசி, கார்த்திகை மட்டும் நான் அழகாக இருப்பேன்.

சிலிர்ப்பைக்கூடச் சமாளித்துவிடலாம். நுனிதான் பெரிய தொல்லை. ஒவ்வொரு முடியும் நுனியில் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு வெயிலில் அந்த நுனிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இடுப்பைத் தாண்டி ஒரு விரல்கடை வளரும். அந்த விரல்கடையும் வெடித்து உதிர்ந்துபோகும். மறுபடி வளரும். மறுபடி உதிரும். வருஷக்கணக்காக என் முடி இடுப்பிலேயே நின்றது.

வெடித்த நுனியை வெட்டிவிட்டால் சரியாகும் என்று யார் யாரோ சொன்னார்கள். அம்மா ஒப்பவில்லை. "முடி எறக்கினா சாமிக்கு எறக்கணும். தாலி ஏறுற வரைக்கும் பொட்டப் புள்ள தலையில கத்திரி படக் கூடாது" என்பாள். எங்கள் வீட்டுக் கத்திரிக்கோல் அரிசிப் பானைக்குள் புதைந்து கிடந்தது.

புவனகிரிக்காரர்கள்

முதலில் என்னைப் பார்க்க வந்தவர்கள் புவனகிரியிலிருந்து வந்தார்கள். நல்ல வெயில் காலம்.

வந்த அம்மாள் ஒருவர், சவுரி வைத்துப் பின்னியிருக்கிறோமா என்று பார்க்க என் பின்னலை அவிழ்த்தார். அது அப்போது வழக்கம்தான். சவுரி இல்லை. ஆனால் பின்னல் பிரிந்ததுதான் தாமதம், என் முடி இரண்டு பக்கமும் விரிந்து எழும்பிவிட்டது. அந்த அம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னாங்க, பரட்டையா இருக்குது" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது.

கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜாதகம் சேரவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரும்போது மட்டும் அவள் கை கனத்தது.

ஊதுபத்தி வைத்தியம்

பக்கத்து வீட்டு மும்தாஜுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் வாய் திறந்து பேசியது என்றால் அவளிடம் மட்டும்தான். அவளுக்குப் பட்டு மாதிரி முடி. அதை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு போவாள். "எனக்கு இருக்குறது யாருக்கும் தெரியல, உனக்கு இல்லாதது ஊருக்கே தெரியுது" என்று சிரிப்பாள்.

அவளுடைய வைத்தியம் எல்லாவற்றுக்கும் நான்தான் தலை கொடுத்தேன். வெந்தயம் அரைத்துப் பூசினாள். செம்பருத்தி இலை போட்டாள். சோறு வடித்த கஞ்சியை ஊற்றினாள். அது காய்ந்துபோக, அவசரத்தில் சரியாக அலசாமல் நான் கொல்லைக்குப் போனபோது கோழி ஒன்று என் பின்னாலேயே வந்தது.

ஒருநாள், "கத்திரிதான் படக் கூடாது? நெருப்பு படலாமுல்ல?" என்றாள். அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஊதுபத்தியைக் கொளுத்தி, என் முடியைக் கொத்தாக முறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுட்டாள். சுருக் சுருக்கென்று பொசுங்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "இன்னாடி நாத்தம் அது? கோழி பொசுக்குறீங்களா?"

"இல்ல அத்தை, சாம்பிராணி" என்றாள் மும்தாஜ்.

அம்மா வந்து என் தலையை முகர்ந்தாள். அதோடு அந்த வைத்தியமும் முடிந்தது.

வாளியின் ஓட்டை

பண்ருட்டியில் எங்கள் மாமா பலாப்பழ மண்டி வைத்திருந்தார். அம்மாவின் தம்பி. அவர் வாயில் எதுவும் சின்னதாக வராது. சிதம்பரத்து வரனைக் கொண்டுவந்ததும் அவர்தான். மாப்பிள்ளை அரிசி ஆலையில் ஃபிட்டர். அவருக்கு லீவு கிடைக்காது என்று சொல்லி, அவர் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார்கள். ஸ்டூடியோ படம். வாரிவிட்ட முடி, மெலிந்த முகம். நான் அதை ஒருமுறை பார்த்தேன், அதுவும் அம்மா அடுப்படியில் இருந்தபோது.

"முடியப் பத்திக் கேட்டாங்க. முட்டியத் தொடும்னு சொல்லிட்டேன் அக்கா" என்றார் மாமா.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டா தம்பி அப்பிடிச் சொன்ன? பூ வைக்க வரும்போது தெரிஞ்சிடாதா?"

"வரட்டும். அதுக்குள்ள வளந்திடும்."

வளரவில்லை. வைகாசி வந்துவிட்டது. பூ வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கு முந்தின நாள் மாமா வண்டி நிறையப் பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். வீடெல்லாம் அந்த வாசனை. பழத்தை வெட்டும்போது வடிந்த பாலைக் குச்சியில் சுற்றிச் சுற்றி ஓரமாக வைத்தார்.

எங்கள் கிணற்று வாளியில் அடியில் ஓட்டை. உப்பு தின்றுவிட்டது. மாமா அந்தப் பலாப்பாலை நெருப்பில் காட்டி இளக்கினார். ஓட்டை மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பாத்தியா அக்கா, ஜென்மத்துக்கும் வுடாது!" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பில் விழுந்த ஓட்டையே ஒட்டும்போது முடியில் விழுந்த வெடிப்பு ஒட்டாதா?

மத்தியானம் அம்மா வெற்றிலை பாக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். நான் மிச்சமிருந்த பலாப்பாலைக் கொட்டாங்குச்சியில் இளக்கினேன். விரலில் தொட்டு, பின்னல் நுனியில் நீவி நீவித் தடவினேன். அடடா! பிரிந்து நின்ற நுனியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பளபளவென்று, குதிரை வால் மாதிரி படிந்தது. என் முடி அப்படிப் படிந்து நான் கண்டதே இல்லை. கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் அது குச்சி. வேப்பிலை ஒன்று, கயிற்று நார் கொஞ்சம், ஓர் எறும்பு எல்லாம் அதில் ஒட்டியிருந்தன. தேங்காய் எண்ணெய் போட்டேன். கறுப்பாக இழுபட்டதே தவிர விடவில்லை. மண்ணெண்ணெய் போட்டால் போயிருக்கும், ஆனால் பூ வைக்கிற தலையில் மண்ணெண்ணெய் நாறினால் என்ன சொல்வது? மும்தாஜிடம் ஓடினேன். அவள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"குஞ்சலத்த வச்சி இறுக்கிக் கட்டிடு. அவுங்க மேல பூவத்தானே வைப்பாங்க? கீழ யாரு பாக்கப் போறா?" என்றாள்.

சிதம்பரத்து வீட்டில் வேறு வழக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அங்கே மாமியார், மருமகள் வீட்டில் போட்ட பின்னலை அவிழ்த்துத் தன் கையால் புதிதாகப் பின்னித்தான் பூ வைப்பார்.

மூடிய கதவு

நின்ற விரல்களைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரை இனி அத்தை என்றே எழுதுகிறேன். பிறகு அப்படித்தான் கூப்பிட்டேன். அத்தை குஞ்சலத்தை மறுபடி என் நுனி மேலேயே வைத்து, கையால் மூடிக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. சிக்கு ஜாஸ்தியா இருக்குது. காத்து இல்லாம எனக்குக் கை ஓடல" என்றார்.

"நான் எடுக்குறேன் சம்பந்தி" என்று அம்மா பதறினாள்.

"நீங்களும்தான். போங்க."

கதவு மூடியது. அத்தை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கனத்த உடம்பு, பெரிய மூக்குத்தி. என் சடை நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.

"பலாப்பாலா?"

தலையை ஆட்டினேன்.

"யாரு தடவுனது? ஒங்க அம்மாவா?"

எனக்கு வாய் வராது. மும்தாஜைத் தவிர வேறு யாரிடமும் பேசத் தெரியாதவள் நான். ஆனால் சும்மா இருந்தால் பழி அம்மா மேல் போகும்.

"நான்தான்" என்றேன்.

"எதுக்கு?"

"நுனி வெடிச்சிருந்திச்சு. ஒட்ட வச்சேன்."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. வாயில் வெற்றிலை. வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது.

"இதுக்கு முன்ன யாராச்சும் வந்து பாத்தாங்களா?"

"புவனகிரியிலேருந்து."

"இன்னா சொன்னாங்க?"

"பரட்டைன்னு."

அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து பாக்குவெட்டியை எடுத்தார்.

"கத்திரி படக் கூடாதுன்னு எங்க அம்மா..." என்று இழுத்தேன்.

"இது கத்திரியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொட்டைப் பாக்கை வெட்டுகிற மாதிரி, நறுக்கென்று ஒரு சத்தம். ஒட்டிப்போன நுனி அவர் உள்ளங்கையில் விழுந்தது. எறும்போடு, வேப்பிலையோடு. அதை ஒரு வெற்றிலையில் வைத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மீதி முடியை விரித்துப் பார்த்து, அங்கங்கே பிரிந்திருந்த நுனிகளையும் சீராக நறுக்கினார்.

அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார். கையில் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

"எம் பையனுக்கு லீவு கெடைக்காம இல்ல. நான்தான் கூட்டியாரல. அந்தப் படம் பழசு. முன்நெத்தி இப்பப் பாதி மண்டைக்கு ஏறிப் போச்சு. மொட்ட போட்டா வளரும்னாங்கன்னு வருஷா வருஷம் போட்டேன். இருந்ததும் போச்சு. ரெண்டு எடத்துல பொண்ணு வூட்டுக்காரங்க பாத்துட்டு வேணான்னுட்டாங்க. நல்ல புள்ள. சொல்லிக் குடுத்தாகூடக் கோவப்படத் தெரியாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒங்க மாமாகிட்டச் சொல்லல. ஒன்கிட்டச் சொல்றேன். வேணான்னா இப்பவே தலைய ஆட்டிடு. நான் வெளிய போயி, பூ கை தவறி விழுந்திடுச்சி, சகுனம் சரியில்லன்னு எம் பேருல போட்டுக்கிட்டுப் போயிடுறேன். ஒம் மேல பழி வராது."

அதுவரை என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. எந்த ஜாக்கெட் துணி வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. வெளியே மாமாவின் குரல், தட்டு வைக்கும் ஓசை, எங்கோ ரயில் ஊதுகிற சத்தம். அந்த ஸ்டூடியோ படத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தத் தலையில் முடி இல்லாமல் நினைத்துப் பார்த்தேன். வரிசையாக வீடு வீடாக அவரும் உட்கார்ந்து எழுந்து வந்திருப்பார். யாரோ மெதுவாகச் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முடியை எடுத்துப் பின்னால் போட்டேன்.

பிறகு அத்தையின் விரல்கள் என் முடியை மூன்றாகப் பிரித்தன. மறுபடி வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தபோது என் தலை நிறையக் குண்டுமல்லி. அம்மா என் முகத்தைத்தான் தேடினாள். அத்தை நேராக மாமாவிடம் போனார்.

"ஏன் தம்பி, முட்டி வரைக்கும்னீங்க. இடுப்புக்கு மேல நிக்குது. பலாப்பழத்தையும் இப்பிடித்தான் நிறுத்துக் குடுக்குறீங்களா?"

மாமா அசரவில்லை. "குந்தவச்சா முட்டியத் தொடும் அக்கா. நான் அதத்தான் சொன்னேன்."

முற்றமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தலைப்பாகை

ஆவணியில் சிதம்பரத்தில் கல்யாணம். அப்போது சிதம்பரம் போகிற சாலையில் செம்மங்குப்பம் பக்கம் இந்தக் கெமிக்கல் கம்பெனிகள் கிடையாது. அந்த வழியில் ஓடையோரம் தாழைப் புதர் இருந்ததாக மாமா சொல்லி, மடல் மடலாகத் தாழம்பூ கொண்டுவந்தார். அதை வைத்துத் தைத்துத்தான் எனக்குச் சடை அலங்காரம்.

மாப்பிள்ளை ஜரிகைத் தலைப்பாகையோடு வந்தார். தாலி கட்டி முடிந்து, சாப்பிட உட்காரும்போது வியர்வை தாங்காமல் அதைக் கழற்றினார். பந்தியில் ஒரு சலசலப்பு. மாமா கையில் எடுத்த அப்பளம் அப்படியே நின்றது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், பயந்து பயந்து. நான் அவர் இலையில் உப்பு இல்லாததைக் கண்டு, உப்பு போடச் சொல்லிப் பரிமாறுகிறவருக்குக் கை காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

சிதம்பரத்து வீட்டுக் கிணற்றில் சீயக்காய் பொங்கிப் பொங்கி நுரைத்தது. முதல்முறை பார்த்தபோது கொஞ்ச நேரம் குளிக்காமல் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்பிறை பார்த்து அத்தை கூப்பிடுவார். "அந்தப் பாக்குவெட்டிய எடுத்துட்டு வா." கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு நுனியை நறுக்குவார். நறுக்கியதை வாழை மரத்தடியில் போட்டு மண்ணைத் தள்ளுவோம். வெட்ட வெட்டத்தான் என் முடி இடுப்பைத் தாண்டி இறங்கியது. முட்டியை என்றும் தொடவில்லை. பொங்கலுக்கு ஓ.டி.க்குப் போனால் மறுநாளே பழையபடி சிலிர்த்துக்கொள்ளும். மும்தாஜ் பார்த்துவிட்டு, "வந்துட்டியா தேங்கா நாரு" என்பாள். எனக்கு அது பிடிக்கும்.

அத்தை போய் வெகுகாலம் ஆகிறது. அந்த அறையில் பேசியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டார். "பந்தியில எல்லாரும் பேயப் பாத்த மாதிரி பாத்தாங்க. நீ மட்டும் ஏன் ஒண்ணும் ஆகாத மாதிரி இருந்த?"

"எனக்குப் பசி" என்றேன்.

அதற்குப் பிறகும் எப்போதாவது, நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்பார். நான் அதையேதான் சொல்வேன். பசியோடு இருந்த பெண்டாட்டி தனக்கு வாய்த்தாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வாராவாரம் பத்திரிகைக்கு நான் எழுதுவதையெல்லாம் முதலில் படித்து, எழுத்துப் பிழை திருத்தி, தபாலில் போடுவது அவர்தான். இந்த வாரம் மட்டும் அவருக்குக் காட்டாமல் நானே போய்ப் போட்டுவிட்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை வந்ததும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் என் பக்கத்தைத்தான் புரட்டுவார். இந்த வரிக்கு வரும்போது கையைத் தூக்கித் தலையைத் தடவிக்கொள்வார். நான் உள்ளே அடுப்படியில்தான் இருப்பேன். கூப்பிட்டால் கேட்கும்.